தீவுப்பனைக்கு மாப்பிள்ளை

பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் ரோஷன் பீவி பெண்ணைப் பார்ப்பதில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். இறால் குழம்பில் புளி தூக்கலாக இருந்தால், "இவளுக்கு நாக்கு நீளம். மாமியா இல்லாத வூடாப் பாத்து முடிப்போம்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்டுகொண்டிருந்த காலம். துணி வியாபாரிகள் தெருவில் பாதி நிக்காஹ் அவள் வாயால் முடிந்ததுதான். வாயில் வெற்றிலை, இடுப்பில் சாவிக்கொத்து, நடையில் அவசரம். பேசும்போது எதிராளியின் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். சம்மதம் வரும்வரை விடமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு முற்றத்து மரமே எதிரியாக வந்தது. கணவர் ஜலீல், ஜாவாவுக்குத் துணி ஏற்றிப் போன கப்பலில் திரும்பும்போது தொட்டியில் வைத்துக் கொண்டுவந்த செடி அது. பனை மாதிரி தடித்த அடி, ஈச்சங்கீற்று மாதிரி ஓலை. தெரு அதற்குத் தீவுப்பனை என்று பேர் வைத்தது. ஆளுயரம் வளர்ந்ததே தவிர, பூக்கவே இல்லை. வருஷம் தவறாமல் உச்சியில் கம்பளி போர்த்தியதுபோல் பழுப்பு இலைகள் வட்டமாக விரியும். அவற்றின் ஓரத்தில் காய்கள் தொங்கும். உடைத்தால் வெறும் ஓடு. நட்டால் முளைக்காது.

பரக்கத் பீவிதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னாள். மகளுக்கு மாப்பிள்ளை பேச வந்த ரோஷன் பீவியை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "தப்பா எடுத்துக்காத அக்கா. உன் வூட்டு மரம் பூக்கல, காயும் பதரு. நீ முடிச்சு வெச்ச வூட்ல தொட்டில் எப்டி ஆடும்?"

சொல் தெருவைச் சுற்றி வந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்த இன்னும் இரண்டு வீடுகள், 'பொறவு பாக்கலாம்' என்றன. ஜலீல் கோடரியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டிட்டு ஆடு கட்டலாம். ஆடாவது குட்டி போடும்."

"மரத்துமேல கோடரி பட்டா உங்களுக்கு ராத்திரி கஞ்சி கெடையாது" என்றாள் ரோஷன் பீவி. சொல்லிவிட்டாளே தவிர, மரம் அங்கே நிற்கும்வரை தன் தொழில் நடக்காது என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அப்போது தெருவில் கோட்டைத் தோட்டக்காரன் துளசிங்கம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனான்.

"இன்னா துளசிங்கம், மூக்குல புண்ணா?"

"நாத்தம் பீவிம்மா. எங்க தோட்டத்துலயும் ஒரு தீவுப்பனை நிக்குதே, அது நடுஉச்சில தாழம்பூ கணக்கா பெரிய கட்டை ஒண்ணு வுட்டுக்கீது. தொரை சம்சாரம் தலைவலின்னு படுத்துகிச்சு. நாளைக்கி வெட்டி ஏரில வீசச் சொல்லிட்டாங்க."

"அதுல காய் கீதா?"

"ஒரு காயும் கெடையாது. தட்டுனா மஞ்சத்தூளுதான் கொட்டுது."

ரோஷன் பீவி அவன் முழங்கையைப் பிடித்தாள். அங்கே தூள் உண்டு, காய் இல்லை. இங்கே காய் உண்டு, தூள் இல்லை. பஸ்ராவில் ஆண் பேரீச்சையின் பூவைக் கொண்டுபோய்ப் பெண் மரத்துப் பூவில் உதறுவார்கள் என்று ஜலீல் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் தன் மரமும் பூக்கட்டும் என்று அவள் இத்தனை வருஷம் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏரில வீசாத. மாப்ளய நேரா இங்க கூட்டினு வா."

"எந்த மாப்ளய?"

"வேற யார, அந்தக் கட்டையத்தான்!"

மறுநாள் காலை துளசிங்கம் அதைச் சாக்கில் சுற்றித் தோளில் கொண்டுவந்தான். முழங்கை நீளத்துக்கு, அன்னாசிபோல் செதில் அடுக்கிய கூம்பு. "தொரை மேசைமேல இதே மாதிரி கையளவு ஒண்ணு கீது. அவங்க ஊர்ல எல ஊசி ஊசியா இருக்குமாம், அந்த மரத்துதாம். பாய்மரமெல்லாம் அதுலதான் செதுக்கறாங்க. அதுவும் பூக்காத சாதியாம் பீவிம்மா. ஆனா காடு காடா நிக்குதாம்."

"பூக்காம காடாச்சா?" ரோஷன் பீவி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏணியில் ஏறினாள்.

மதிலுக்கு அப்பால் நாலைந்து தலைகள் முளைத்தன. "நிக்காஹ்வுக்கு நெய்ச்சோறு உண்டா அக்கா?" என்றது பரக்கத் பீவியின் தலை.

"காய் புடிக்கட்டும், போடறேன். வாய மூடு."

கம்பளி இலைகளை விலக்கிப் பார்த்தாள். இதழ் இல்லை, மொட்டு இல்லை. இலையோரத்தில் பிஞ்சுகள் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் வியர்வை மாதிரி ஒரு துளி. விரலால் தொட்டாள், ஒட்டியது.

"பூவே வேணாம்பா இதுக்கு. தூளு நேரா இங்கதான் ஒட்டணும்" என்று கூம்பை வாங்கித் தட்டினாள். மஞ்சள் தூள் பிஞ்சுகள்மேலும் அவள் மூக்கிலும் சமமாக விழுந்தது. தும்மிக்கொண்டே சுற்றிச்சுற்றித் தட்டினாள்.

அந்த வருஷத்துக் காய்கள் கையில் கனத்தன. ஒன்றை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு. மீதியை ஏரிக்கரை மணலில் பதித்தாள். பெரும்பாலானதை எலி தின்றது. இரண்டு மட்டும் மழைக்குப் பிறகு, நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒற்றை ஓலையை மெல்ல விரித்தன. ஜலீல் கோடரியை மீன்கூடை கட்டும் பக்கத்துவீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். பரக்கத் பீவி வெற்றிலைத் தட்டோடு தானே வந்து, "பையன் வூட்ல எப்ப பேசறே அக்கா?" என்று கேட்டாள்.

துளசிங்கம் இரண்டு கன்றுகளையும் தொட்டிக்கு மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணுன்னு வளந்துச்சுன்னு வெச்சுக்கோ, இனிமே கோட்டைக்கு ஓடவே வேணாம். வூட்டோட முடிஞ்சுடும்."

ரோஷன் பீவி அவனை முறைத்தாள். "கூடப் பொறந்ததுங்கய்யா!" என்று ஒரு தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணற்றைத் தாண்டி முற்றத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் இறக்கினாள்.