மோடாவில் உட்காராத ஆள்

மதியம் இரண்டே காலுக்கு வத்சலா துறைமுகத்து எஞ்சினியராக நடந்துகொண்டிருந்தாள். கைகளைப் பின்னால் கோத்திருந்தாள். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, ஜன்னலுக்கு வெளியே இல்லாத கப்பல் ஒன்றைப் பார்த்துத் தலையசைத்தாள். எஞ்சினியர் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அவர் ஆற்றப்போகும் நன்றியுரையை எழுதுவது இவள். நடை வந்துவிட்டால் வாக்கியம் தானாக வரும் என்பாள்.

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பேட்டை அந்நேரம் சோறு உண்ட தூக்கத்தில் இருக்கும். அந்தத் தூக்கத்துக்கென்றே வங்காளிகள் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சாய்ந்திருப்பார். லோக்கல் ரயில் மட்டும் யாரையும் எழுப்ப மனமில்லாததுபோல் நழுவிப் போகும். எதிரே பூஜைப் பந்தலுக்கு நட்ட மூங்கில்கள் இன்னும் துணி போர்த்தாமல் வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வெள்ளை மேகம் வந்து, கொஞ்சம் தங்கி, அடுத்ததற்குப் போயிற்று. ஊர் கண்ணை மூடியதும் வேறு ஒருவராகிவிடுவது வத்சலாவுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

வயது ஐம்பத்தொன்று. தாத்தா காலத்தில் கொல்கத்தா வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், மீன்வாடைக்கு மூக்கைப் பொத்தியபடி காய்கறிக்காரரிடம் வங்காளம், மன்னிப்புக் கேட்க மட்டும் ஆங்கிலம். தெருவில் அவள் ‘பொத்சலா-தி’, அதாவது வங்காள வாயில் வத்சலா அக்கா. பிரிவுபசார உரை, பூஜா மலருக்குத் தலைவர் செய்தி, அறுபதாம் கல்யாணத்தில் மகன் படிக்கும் வாழ்த்து, இரங்கல் விளம்பரம், குக்கரோடு வரும் கையேடு என்று எதையும் தள்ளமாட்டாள். தெற்குக் கொல்கத்தாவின் மேடைகளில் குரல் தழுதழுத்தவர்களில் பலர் அவள் காற்புள்ளி வைத்த இடத்தில் தழுதழுத்தவர்கள். எதிலும் அவள் பெயர் கிடையாது. “பேர் போட்டா அடுத்த ஆள் வரமாட்டா” என்பாள், அது பெருமையா குறையா என்று பிடிபடாத குரலில்.

அவளுடைய முக்கியமான தொழிற்கருவி ஒரு பிரம்பு மோடா. முதுகுச் சாய்வு இல்லாத, உடுக்கை வடிவ ஆசனம். யாருக்காக எழுத வேண்டுமோ அந்த ஆளை அதில் உட்கார வைப்பாள். தான் எதிரே நாற்காலியில். முதல் பத்து நிமிஷம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து அழகழகாகப் பொய் சொல்வார். பிறகு முதுகு வலிக்கும். முழங்கையை முழங்காலில் ஊன்றி முன்னால் குனிவார். அதற்குப் பிறகு வருவதைத்தான் வத்சலா எழுதிக்கொள்வாள். சோபா வாங்கித் தருவதாகச் சொன்ன தம்பியிடம், “என் பொழப்பைக் கெடுக்காதே” என்றுவிட்டாள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நேர்த்திக்குப் பேர்போனவள், ஒவ்வொரு உரையிலும் ஒரே ஒரு மொண்ணையான சொல்லை வேண்டுமென்றே விட்டுவைப்பாள். வாங்கிப் போகிறவர் அதைத் திருத்துவார். திருத்தியதும் மொத்த உரையும் அவர் எழுதியதாகிவிடும்.

கீழ் வீட்டு மஹாதேவன் வங்கியில் முப்பத்தாறு வருடம் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதில் எழுத்தாளராவது என்று முடிவெடுத்து, கரியாஹாட்டில் சாய்வு மேஜை, மேஜைவிளக்கு, ஒரு சால்வை வரை வாங்கிவிட்டார். எழுதுவது மட்டும் பாக்கி. அதற்கு வழி கேட்டுத் தினமும் இரண்டரைக்கு மாடியேறி வருவார். அவள் சொல்வதையெல்லாம் பழைய பழக்கத்தில் எண் போட்டுக் குறித்துக்கொள்வார்: ஒன்று புள்ளி மூன்று, கேட்ட தேதிக்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். ஒன்று புள்ளி நான்கு, மூடு வரும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஒன்று புள்ளி நான்கைச் சொன்னபோது வத்சலா முக்கால் மணி நேரமாக மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் அவர் கவனித்தார், ஆனால் குறிக்கவில்லை.

அன்று அவர் வந்தபோது எஞ்சினியர் முடிந்திருந்தார். வத்சலா லேப்டாப் முன்னால் இருந்தாள். திரை வெள்ளையாக இருந்தது. வெளியே மேகமும் அப்படியே.

“என்னம்மா, காலி ஷீட்டைப் போட்டுண்டு தியானமா?”

“சென்னைலேர்ந்து ஒரு பத்திரிகை மாமா. எழுத்தை நம்பிப் பிழைக்கறது எப்படின்னு ஒரு கட்டுரை. என் பேர்ல. போட்டோ வேற போடறாளாம். நாளைக்குக் குடுக்கணும்.”

“அடி சக்கை! எனக்குத் தினம் சொல்றதை எழுத வேண்டியதுதானே?”

“எழுதினேன். குக்கர் கையேடு மாதிரி இருந்தது, அழிச்சுட்டேன்.”

அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். ஆசிரியருக்கு அடித்து, அனுப்பாமல் வைத்திருந்த செய்தி: ‘மன்னிக்கவும், என்னால் முடியவில்லை. வேறு யாரையாவது கேளுங்கள்.’ இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவகாசம் கேட்காதவள். மஹாதேவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி படித்தார்.

“அனுப்பப் போறியா?”

“மூணு மணிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். இப்ப அனுப்பினாத்தான் அவா வேற ஆள் பார்க்க முடியும். இன்னொருத்தர் பேர்ல கேட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பேன். என் பேரைப் போட்டுண்டு உட்கார்ந்தா யார் பேசறான்னே தெரியலை.”

அவர் நோட்டைப் புரட்டினார். விரலில் எச்சில் தொட்டு, இரண்டு பக்கம் பின்னால் போனார்.

“இரண்டு புள்ளி ஒன்று. ஆள் மோடாவில் உட்காராமல் வேலை தொடங்கக் கூடாது.”

“ஆமா, அதுக்கென்ன?”

“ஆள் எங்கே உட்கார்ந்திருக்கா?”

வத்சலா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். சாய்வு, இரண்டு கைப்பிடி, முதுகுக்கு ஒரு தலையணை.

“கிண்டல் பண்றேளா மாமா?”

“நீதானே சொன்னே! விதிவிலக்குன்னு ஒண்ணும் போடலையே.”

அவள் சிரித்தாள். எழுந்தாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஆட்களிடம் கேட்கும் கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு மோடாவில் உட்கார்ந்தாள். முதுகு கோல் மாதிரி நின்றது. போன் மேஜைமேல் இருந்தது. மூன்றாக இன்னும் பதினைந்து நிமிஷம்.

“முன் வரிசையில யாரெல்லாம் இருப்பா?” என்று மஹாதேவன் வங்கிக் குரலில் ஆரம்பித்தார்.

“இலக்கிய ஆர்வலர்கள், இளைஞர்கள்...”

“பொய்.”

“மாமா, அது என் டயலாக்.”

“யாருக்குக் கோபம் வரக்கூடாது?”

“யாருக்கும் வராது. நான் யாரையும் எதுவும் சொல்லப் போறதில்லை. உழைப்பு, நேரம் தவறாமை, அவ்வளவுதான்.”

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவும் மூடியபடியே மடியில் கிடந்தது. எதிரே ஒரு மேகம் மூங்கில் கட்டத்துக்குள் நுழைந்து, அங்கேயே தங்கிவிட்டது. எங்கோ ஒரு பாத்திரம் விழுந்து, தெரு திரும்பிப் படுத்துக்கொண்டது.

“எந்த விஷயத்தைச் சொல்லக்கூடாது?”

ரயில் போயிற்று. கடைசிப் பெட்டியின் சத்தமும் அடங்கியது. வத்சலாவின் ஒரு கை இடுப்புக்குப் போயிற்று. மெல்ல, அவளுக்கே தெரியாமல், முழங்கை இறங்கி முழங்காலில் ஊன்றிக்கொண்டது.

“அப்பா ரிடையர் ஆன அன்னிக்கு ஆபீஸ்ல பேசினது நான் எழுதிக் குடுத்தது மாமா. என் முதல் வேலையே அதுதான். ஒரே ஒரு வார்த்தையை மாத்தினார். வீட்டுக்கு வந்து, மாலையைக்கூடக் கழட்டாம, என்னைப் பார்த்து, ‘நான் பேசினது எப்படி இருந்தது, யார்கிட்டயாவது கேட்டியா’ன்னார்...”

மஹாதேவன் பேனாவின் மூடியைத் திறந்தார்.