வண்டி வராத சாலை

அந்தக் கொள்ளுக்கொடியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வாரம் முழுக்க அஸ்தம்பட்டியில் ஹாரன் சத்தத்துக்குள் கிடக்கிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு வண்டிகூட வராத சாலையில் சைக்கிள் ஓட்ட வேண்டும். அப்படித் தேடித்தான், மல்லசமுத்திரம் தாண்டி, கரட்டுக் காட்டை ஒட்டிப் பழைய கல்கோயில் உள்ள ஓர் ஊருக்குப் போகும் தார்ச்சாலையைக் கண்டுபிடித்தேன். ஒரு வளைவில் திரும்பியதும் சாலையை அடைத்து, அறுத்த கொள்ளுக்கொடி பரப்பிக் கிடந்தது. பிரேக் பிடிப்பதற்குள் கொடி பின்சக்கரத்தில் சுற்றி, கியரை முறித்துவிட்டது.

"ரோடு என்ன உங்க களமா?" என்று கத்தினேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்து என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "லாரி, டிராக்டர் ஏதாச்சும் மேல ஏறுனா கொள்ளு உதிருமுன்னு காலையில இருந்து காத்துக் கெடக்கறேன். வந்து சேந்தது பாருங்க, சைக்கிளு! இதுல ஒரு காய் ஒடையுமுங்களா?"

"வண்டி வராத ரோடுன்னுதாங்க நான் இங்க வந்ததே!"

"வந்துட்டிருந்த ஒரே பஸ்ஸையும் நிறுத்திப்போட்டாங்க. புள்ளத்தாச்சியக்கூட மொபெட்டுல வெச்சுக் கூட்டிட்டுப் போறோம். உங்களுக்கு அது சொகமா இருக்குதாக்கும்!"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவர் சொன்னது நியாயமாக இருந்ததால்தான் ஏறியது. முறிந்த கியரைப் பார்த்தேன். மெயின் ரோடு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ஏதாச்சும் வண்டி வருமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் போய் மரத்தடியில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த கல்லைக் காட்டினார்.

"உக்காருங்க சாமி. நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."