ஈரம் பட்ட மூலை

கணவர் அவளைத் தூசி மேடம் என்றுதான் கூப்பிடுவார். பழைய கட்டடங்களின் கூரையையும் சுவரையும் சுரண்டி எடுத்து, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. சுரண்டுமுன் தண்ணீர் தெளிப்பாள். நனைந்தால் தூசி பறக்காது. கிளம்பும்போது வீட்டுக்காரர்களிடம் கறாராகச் சொல்வாள்: "ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் அதுல கை வைக்காதீங்க."

ஊருக்கெல்லாம் சொன்ன மகராசி சொந்த வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மகள் படுக்கும் அறையின் உட்கூரைப் பூச்சு நெடுநாளாக அவள் கண்ணை உறுத்தியது. அந்தச் சொரசொரப்பு எந்தக் காலத்துச் சரக்கு என்று அவளுக்குத் தெரியாதா? இருப்பதையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கிய வீடு. கணவரோ நாலு தும்மல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஆள். விஷயம் காதில் விழுந்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். உறுதியாகத் தெரிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள். அன்று அவருக்கும் மகளுக்கும் லீவு. இருவரும் கடைக்குப் போன நேரம் பார்த்து மூலையை நன்றாக நனைத்தாள். நகக்கண் அளவு சுரண்டிக்கொண்டு, ஓட்டையை அடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கெட்டிக்காரிதான், சந்தேகமென்ன.

மதியம் லென்ஸுக்கு அடியில் நார் தெரிந்தது, வளைந்து நெளிந்து, கற்றை கற்றையாக. எத்தனையோ குடும்பங்களுக்கு அவள் சாதாரணமாகச் சொன்ன சேதி அது. இப்போது அது அவள் வீட்டுச் சேதி. அந்த வீட்டில் இருக்கவும் முடியாது. விட்டால் போக்கிடமும் கிடையாது. பூச்சு உடையாதவரை பயமில்லை, இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பாதி நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த கணவருக்குத் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

"வாங்க தூசி மேடம்! பாப்பா ரூம் மூலையில ஒரே ஈரம். மேல பைப்பு ஒழுகுதுன்னு பூச்சு மொத்தத்தையும் சுரண்டிட்டேன். கசிவே காணோம்! எங்கேருந்துதான் தண்ணி வந்துச்சோ."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "குப்பையெல்லாம் நான்தாம்மா கூட்டினேன்!"

பாராட்டுக்காக இரண்டு முகங்களும் அவளையே பார்த்தன. அவள் உள்ளே கால் வைக்கவில்லை.

"அப்படியே ரெண்டு பேரும் வெளிய வந்துடுங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"அந்தத் தண்ணி நான் தெளிச்சதுங்க."