பிரெஞ்சு வகுப்பில் கதவோரக் கதிரை

1. முதல் சனிக்கிழமை

முதல் நாள் வகுப்பில் எல்லோரும் பொய் சொன்னார்கள்.

கிளிநொச்சியில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய சான்றிதழ் கற்கைநெறி அது. பெயர் 'பிரெஞ்சு மொழியும் பண்பாடும்'. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வருகை விரிவுரையாளராக அதை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் வவுனியாவில் ரயில் ஏறினால் வகுப்புக்கு நேரத்தோடு போய்விடலாம். கம்பஸ் மாணவர்களோடு வெளியாட்களையும் சேர்த்திருந்தார்கள். பிரான்ஸில் இருக்கும் கணவரிடம் போக விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள்தான் வெளியாட்களில் அதிகம்.

பிரெஞ்சை எந்த நாட்டில் படிப்பித்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? சகோதரர்கள் இருக்கிறார்களா? அவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள்? ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்ல வேண்டும். இதே கேள்விகளை இதே வரிசையில் வன்னிச் சனத்திடம் சண்டைக் காலத்தில் வேறு ஆட்கள் விசாரணை அறைகளில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அது எனக்கு அன்று வகுப்பில் நின்றபோதுதான் உறைத்தது.

விவசாய பீடத்து மாணவன் கஜனுக்கு இரண்டு அண்ணன்மார் பாரிஸில். அவன் எழும்பி, தான் ஒற்றைப் பிள்ளை என்று பிரெஞ்சில் சொன்னான். நிரோஷா கணவரிடம் போவதற்காகவே படிக்க வந்தவள். அவள் தனக்குக் கலியாணம் ஆகவில்லை என்றாள். நான் சொற்களின் ஆண்பால் பெண்பாலைத் திருத்திவிட்டு அடுத்தவரிடம் போனேன். புதிதாக மொழி கற்பிக்க வரும் பிள்ளைகளுக்கு என் முதல் புத்திமதி இது: வகுப்பில் சொல்லும் பொய்யைத் திருத்தாதீர்கள், இலக்கணத்தைத் திருத்துங்கள்.

அன்று கதவோரக் கதிரையில் ஒருவர் இருந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். ஒட்ட வெட்டிய தலைமயிர், மினுக்கிய கறுப்புச் சப்பாத்து, பொத்தான் எல்லாம் பூட்டிய சேர்ட். பெயர் சிவபாதம், ஊர் கண்டாவளை என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வயல்காணிக் கிராமமான கண்டாவளையிலிருந்து ஒரு மனிதர் சனிக்கிழமை காலையில் மினுக்கிய சப்பாத்தோடு பிரெஞ்சு படிக்க ஏன் வரவேண்டும் என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் யோசித்தோம். யாரும் கேட்கவில்லை.

2. எனக்குப் பழக்கமான பார்வை

ஏன் பிரெஞ்சு என்ற சந்தேகம் எனக்குப் புதிதல்ல. தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் அந்தப் பாடத்தைத் தெரிவு செய்தபோது எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் என்னை நம்பவில்லை. "பிரான்ஸில மாப்பிள்ளை பாத்திட்டினம், எங்களுக்கு மறைக்கினம்" என்றார் பெரியம்மா. நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி எனக்கு வரும் கடிதங்களின் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை விடுமுறைக்கு வீடு திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் என் பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதில் இருப்பது என்ன பாஷை, ஏதாவது இரகசியக் குறியீடா என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். பாற்கட்டி வாங்குவது பற்றிய பாடம். பஸ்ஸில் வந்த சனமெல்லாம் வெயிலில் வரிசையாக நிற்க, ஒரு பெண் கடையில் எந்தப் பாற்கட்டியை வாங்கினாள் என்று நான் வாசித்து முடித்தேன். புத்தகத்தைத் திருப்பித் தந்தார்கள். வாசித்ததை நம்பினார்களோ தெரியாது.

ஆகையால் சந்தேகப்படுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். சிவபாதத்தாரையும் அப்படித்தான் பார்த்தேன்.

3. புத்தகத்தில் இல்லாத கேள்வி

அவர் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த வேறுபாட்டை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. அவர் வகுப்பில் ஆக இளையவளையும் 'வூ' என்றுதான் கேட்டார். ஆனால் விசாரணைக்காரரும் அப்படித்தான் தொடங்குவார்கள் என்பதால் அந்த மரியாதையே பிள்ளைகளை இன்னும் பயப்படுத்தியது.

பாடத்தில் இல்லாத கேள்விகளையும் அவர் கேட்டார். ஒருவர் தன் மாமா பிரான்ஸில் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். எந்த நகரம்? எப்போது போனவர்? வேலை எங்கே, சமையலறையிலா, பேக்கரியிலா? அவரோடு வேறு தமிழர் வேலை செய்கிறார்களா? உடைந்த பிரெஞ்சில், வினைச்சொல்லைப் பிழையாக வைத்து, ஆனால் விடாமல் கேட்டார். கேட்கும்போது முகத்தையே பார்ப்பார். அடிக்கடி எழும்பி வெளியே போய் வருவார். போனவுடன் அறை முழுவதும் குசுகுசுக்கும்.

"மிஸ், உவர் ஆரெண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்றான் கஜன்.

"ஆர்?"

"உந்தத் தலைவெட்டும் சப்பாத்தும் காணாதே, புலனாய்வு ஆளெண்டு சொல்ல? போய்ப் போய்ப் போன் கதைச்சிட்டு வாறார்."

நிரோஷா சொன்னாள், "என்ர விசா இப்பதான் கையெழுத்துக்குப் போயிருக்கு மிஸ். உவர் ஏதாவது எழுதிக் குடுத்தா எல்லாம் போச்சு. நான் வரேல்லை."

அடுத்த வாரம் அவள் வரவில்லை. இன்னும் சிலரும் வராமல் நின்றுவிட்டார்கள்.

4. வந்து போன இருவர்

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. வகுப்பு தொடங்க முன் வாசலில் என்னை மறித்தார்கள். ஒருவர் மட்டும் கதைத்தார். நல்ல தமிழ்.

"மெடம், இந்த வகுப்பில எத்தனை பேர் வெளிநாடு போகப்போகினம்?"

"எனக்குத் தெரியாது. நான் மொழி மட்டும்தான் படிப்பிக்கிறன்."

"பேரெல்லாம் இருக்கும்தானே?"

"கம்பஸ் ஒபிஸில கேளுங்கோ."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒபிஸுக்குப் போகவில்லை. அவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு வரவுமில்லை. ஆனால் அவர்கள் படியிறங்கும்போது சிவபாதத்தார் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார். மாடியில் நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அன்று வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் "தெரியாது மிஸ்". தன் பெயரைக் கூடச் சொல்ல ஒரு பிள்ளை யோசித்தது. முடிந்ததும் கஜன் வந்து நின்றான்.

"ஒண்டில் அவர், இல்லாட்டி நாங்கள். நீங்களே சொல்லுங்கோ மிஸ்."

வகுப்பைப் பாதியில் மூடினால் கற்கைநெறியை நிறுத்திவிடுவார்கள். நிர்வாகத்தில் ஏற்கெனவே இதை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கோர்ஸ் என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்கள். விசாவுக்குக் காத்திருந்த பெண்களுக்கு வேறு இடமும் இல்லை. பணம் கொடுத்துக் கொழும்பில் தங்கிப் படிக்க அவர்களால் முடியாது. எனவே நேரே கேட்பதென்று முடிவெடுத்தேன்.

5. நேரே கேட்டது

மோட்டார் சைக்கிளடியில் நின்றவரைக் கூப்பிட்டேன். வகுப்பறைக்குத் திரும்பி வந்து, அதே கதவோரக் கதிரையில் இருந்தார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. நீங்கள் ஏன் பிரெஞ்சு படிக்கிறியள்? பிள்ளையள் பயப்பிடுதுகள்."

"என்னையோ?"

"காலமை வந்தவைக்குத் தலையாட்டினனீங்கள்."

"அவர் ஆட்டினவர், நானும் ஆட்டினனான். ஆரெண்டு தெரியாட்டியும் ஆட்டிறதுதானே. ஆட்டாட்டிப் பிரச்சினை."

அது சரிதான். நானாக இருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

"அடிக்கடி வெளியில போறியள்."

"சலரோகம் ரீச்சர், சீனி வருத்தம். அடிக்கடி ஒண்டுக்குப் போகவேணும். அதுக்குத்தான் கதவடியில இருக்கிறன். சப்பாத்தும் அதுக்குத்தான். கால் வெட்டுப்பட்டா ஆறாது எண்டு டொக்டர் சொன்னவர்."

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதையும் அன்றுதான் சொன்னார். பிறகு விசயத்துக்கு வந்தார்.

"எனக்கு ஒரு பொடியன் ரீச்சர். குகன். கடைசிச் சண்டை முடிஞ்சு நாங்கள் வெளியில வரேக்க ஓமந்தை ஆமிச் சோதனைச் சாவடியில அவனை வேற பஸ்ஸில ஏத்தினவை. நாங்கள் செட்டிகுளம் காம்புக்கு வந்திட்டம். அவன் வரேல்லை."

போன திருவிழாவுக்குப் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு பெண், லியோன் பக்கம் ஒரு சின்ன ஊரில், பேக்கரியில் வேலை செய்யும் ஒருவரைக் கண்டதாகவும் அச்சொட்டாகக் குகன் மாதிரியே இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். கடையின் பெயரையும் அந்தப் பெண்ணே சொன்னாராம். இவர் அந்த நாட்டில் இருக்கும் தெரிந்த தமிழர்களிடம் கேட்டிருக்கிறார்.

"ஒராள் போய்ப் பாத்தனான், அது வேற ஆள் எண்டார். இன்னொராள் அப்பிடி ஒரு கடையே இல்லை எண்டார். கடை இருக்கு ரீச்சர், போனிலயே படம் வருது. அப்ப முதல் ஆள் சொன்னதை எப்பிடி நம்பிறது? ஆர் போகாமல் சொல்லினம், ஆர் என்ர மனம் நோகுமெண்டு மாத்திச் சொல்லினம் எண்டு தெரியேல்லை."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே ஐயா. நான் போன் எடுத்துக் கேட்டிருப்பனே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் மாத்திச் சொல்லுவியள் ரீச்சர். நல்ல மனசு உங்களுக்கு. அதாலதான் நானே படிக்க வந்தனான். நானே கேக்கவேணும். அவை சொல்லுறது எனக்கே விளங்கவேணும்."

எத்தனையோ காரணங்களுக்காக இந்த மொழியைப் படிக்க வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பவர் எவரையும் நம்ப முடியாமல் படிக்க வந்தவர் இவர் ஒருவர்தான். எங்கள் எல்லோரையும் விட அதிகம் சந்தேகப்பட்டவர் அவர்தான் என்று அப்போது விளங்கியது.

பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்கோ. நம்பாட்டியும் பரவாயில்லை" என்றார்.

6. பேக்கரிக்கு எடுத்த அழைப்பு

சொன்னேன். நிரோஷா திரும்பி வந்தாள், ஆனால் முன்வரிசையில், அவருக்குத் தூரமாக இருந்தாள். கஜன் தோளைக் குலுக்கினான். "ஆக்கள் எத்தினை கதை சொல்லுவினம் மிஸ்."

இரண்டு வாரம் அவருக்குத் தேவையான வசனங்களை மட்டும் பழக்கினேன். பிரான்ஸில் கடைக்காரரிடம் முதலில் வணக்கமாகப் போன்ஜூர் சொல்லாமல் எதைக் கேட்டாலும் அவர்கள் முகம் மாறிவிடும், அதையும் சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். அங்கே காலை நேரம். நான் பக்கத்தில் இருக்கலாம், கதைக்கக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு பெண் எடுத்தார். பின்னால் தட்டுகள் உரசும் சத்தம், ஆட்களின் சத்தம்.

"போன்ஜூர், மதாம்," என்றார் சிவபாதத்தார். தன் பெயரைச் சொன்னார். இலங்கையிலிருந்து கதைப்பதாகச் சொன்னார். மகனைத் தேடுவதாகவும், அங்கே ஒரு இலங்கையர் வேலை செய்கிறாரா என்றும் கேட்டார். பிழை இருந்தது. ஆனால் கேட்டது விளங்கும்.

அந்தப் பெண் படபடவென்று ஏதோ சொன்னார். என் வாய் திறக்கப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

"லாந்தமோன், சில் வூ ப்ளே," என்றார் அவர். மெதுவாகச் சொல்லுங்கள்.

பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். ஓம், ஒருவர் இருக்கிறார், பாண் சுடும் போறணையடியில் நிற்கிறார், கூப்பிடுகிறேன். சிவபாதத்தார் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினார். விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"ஹலோ? ஆரு கதைக்கிறீங்க?"

அந்த ஒரு வசனத்திலேயே எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வன்னிப் பேச்சு அல்ல. குரலும் மிக இளசு. நிரோஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் போனை வைக்கவில்லை.

"தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

"மட்டக்களப்புப் பக்கம் ஐயா. என்ன விசயம்?"

"என்ர பொடியனைத் தேடுறன். ஒராள் உங்களைக் கண்டிட்டு அவனெண்டு நினைச்சிட்டா."

"இஞ்ச தமிழாள் நான் மட்டும்தான் ஐயா. முன்னமும் ஒருத்தர் வந்து கேட்டவர். நான் இல்லையெண்டு சொன்னன்."

"ஓம். அவர் உண்மைதான் சொல்லியிருக்கிறார்," என்றார். பிறகு, "அம்மா அப்பா இருக்கினமோ?"

"அம்மா இரிக்கா."

"அவாவோட கதைக்கிறனீங்களோ?"

"நேரம் கிடைக்கக்கொள்ள."

"நேரத்தைப் பாக்காதேங்கோ தம்பி. எடுத்துக் கதையுங்கோ."

"சரி ஐயா," என்றது குரல். வேலை நேரம் என்று சொல்லித் தயங்கியது. அவர் நன்றி சொல்லி வைத்தார்.

அவர் அழவில்லை. போனைத் துடைத்துச் சேர்ட் பையில் போட்டார். "அந்தப் பொம்பிளை சொன்னது முழுக்க விளங்கினது ரீச்சர்," என்றார். "இனி அந்தக் கடையை நினைச்சுக்கொண்டு கிடக்கத் தேவையில்லை."

அவர் போன பிறகு கஜன் சன்னலடியில் நின்று மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கும் வரை பார்த்தான். "இதையும் நடிக்கலாம்தானே மிஸ்?" என்றான். குரலில் முந்திய உறுதி இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு முழுதாக விடை கிடைத்து ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவன் வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

7. கற்கைநெறி முடிந்த பிறகு

அவர் கடைசி வகுப்பு வரை வந்து, பரீட்சையிலும் சித்தியடைந்தார். நிரோஷா விசா கிடைத்துப் போய்விட்டாள். அதற்குச் சில மாதங்கள் கழித்துச் சிவபாதத்தார் வவுனியாவில் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார். சீனி வேண்டாம் என்றார்.

"ரீச்சர், இத்தாலியன் படிப்பிக்கிற ஆரையும் தெரியுமோ?"

"ஏன் ஐயா?"

"அங்க ஒராள் குகனைக் கண்டவராம். மிலானில, ஒரு பழக்கடையில."

விட்டுவிடுங்கள் ஐயா என்று நாக்கு நுனி வரை வந்தது. இது எத்தனையாவது ஆள், யார் சொன்னது என்று கேட்கவும் நினைத்தேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எதை மாற்றிச் சொல்லப்போகிறேன் என்று.

கொழும்பில் இத்தாலியன் கற்பிக்கும் ஒரு சிநேகிதியின் பெயரைச் சொன்னேன். அவள் போனிலும் வகுப்பு எடுப்பாள் என்றேன். பிரெஞ்சு தெரிந்தவருக்கு அந்த மொழி அவ்வளவு கடினமில்லை, சொற்கள் பல ஒத்துப்போகும் என்றும் சொன்னேன். அது உண்மை. அவன் அங்கே இருப்பானா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுவும் உண்மை.

இத்தனை வருடம் படிப்பித்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். ஒருவரையும் நம்ப முடியாதவர் உங்களிடம் வந்து கேட்டால், ஆறுதலுக்காக ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். அவர் திரும்பவும் வருவார்.