கொள்ளுப்பருப்புக் கறை

துடியலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் போன வாரம் நூலகம் திறந்தார்கள். ரிப்பன் வெட்டப் பெரிய மனிதர் யாரும் அகப்படவில்லை போலிருக்கிறது, ஓய்வுபெற்ற வாத்தியாரம்மாவான என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். வருகிற விருந்தினர் ஆளுக்கொரு புத்தகம் அன்பளிப்பாகக் கொண்டுவர வேண்டுமாம். நானும் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அது என்ன புத்தகம் என்று பிறகு சொல்கிறேன்.

சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. ஏசி. தட்டில் நெய் மைசூர்பாகு. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே அலமாரிப் பக்கம் கையை நீட்டினேன். கழுத்தில் டை கட்டிய ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து ஈரத்தாள் ஒன்றை நீட்டினாள்.

"மேம், புக்ஸ தொடறதுக்கு முன்னாடி கையத் தொடச்சுக்கறீங்களா, ப்ளீஸ்?"

மரியாதையான பிள்ளை. துடைத்துக்கொண்டேன். ஒரு புத்தகத்தைப் பிரித்தேன், பசை விட்டுப் படக்கென்று சத்தம் கேட்டது. இன்னொன்று, அதுவும் படக். ஒன்றைக்கூட யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. மூக்குக்கருகே கொண்டுபோனேன், தரை துடைக்கும் திரவத்தின் எலுமிச்சை வாசம் வந்தது. எனக்குப் புத்தகம் என்றால் கொள்ளுப்பருப்பு வாசம் வர வேண்டும். சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு அரசு வேலை வந்தது. அன்னூரைத் தாண்டி ஒரு ஊரில் நடுநிலைப் பள்ளி. தார் ரோட்டுக்குத் தெற்கே ஊரும் தோட்டங்களும், வடக்கே காலனி, ரோட்டோரத்தில் பள்ளிக்கூடம். தோட்டத்துக்காரர் பிள்ளைகளும், அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம் அது. சாதிப் பேரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பக்கத்துப் புள்ளைங்க" என்பார்கள். திசையைச் சொன்னால் போதும், எல்லாருக்கும் விளங்கிவிடும்.

நூலகம் என்பது தலைமையாசிரியர் அறை மூலையில் இருந்த ஓர் இரும்பு பீரோ. அதன் பூட்டு என்றோ செத்துப்போயிருந்தது. கதவைத் திறந்தால் முதலில் வாலிபால் உருண்டு வந்து காலில் விழும். அப்புறம் தேசியக்கொடி, காலி சாக்பீஸ் டப்பாக்கள், இவற்றுக்கெல்லாம் பின்னால், அடைகாக்கிற மாதிரி, புத்தகங்கள். அட்டை மினுங்க அப்படியே இருந்தன.

"புக்குங்க புதுசாவே இருக்கோணுமுங் டீச்சர். ஆபீசர் ஒருத்தர் வந்து பார்த்தா என்ன நெனைப்பாருங்க?" என்பார் பெரிய சார். தலைமையாசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஓய்வு பெறுகிற வரைக்கும் எதுவும் நடந்துவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. யாருக்கும் கெடுதல் செய்யாதவர், நல்லதும் அப்படியே.

நான் சும்மா இருப்பேனா. வாசிப்பின் பெருமையைப் பற்றி ஒரு பீரியட் முழுக்கப் பிரசங்கம் செய்தேன். கடைசி பெஞ்ச் தூங்கியது. வண்ண வண்ணமாக எழுதி ஒரு சார்ட் ஒட்டினேன். கஞ்சிப் பசை போட்டு ஒட்டியதால் எறும்பு வந்து ஓரமெல்லாம் தின்றுவிட்டது. கடைசியில் வாயை மூடிக்கொண்டு, பீரோவைத் திறந்து வைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றேன். பெரிய சார் முகம் சுண்டிப்போனது, ஆனால் தடுக்கவில்லை.

காலனியிலிருந்து வந்த தமிழரசி ஏழாம் வகுப்பு. அம்மா தோட்ட வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் சமையல் அவள்தான். ஒருநாள் அழுதுகொண்டே ஒரு புத்தகத்தை நீட்டினாள். அடுப்பில் வேகிற கொள்ளைக் கடைந்துகொண்டே படித்தாளாம், தெறித்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள், கறை போகாமல் பக்கம் மட்டும் நைந்துபோயிருந்தது. பூண்டும் சீரகமும் சேர்ந்த கொள்ளுப்பருப்பு வாசம் குப்பென்று வந்தது. எனக்கோ காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடாத வயிறு. நியாயமாகப் பார்த்தால் அந்த வாசத்துக்குத்தான் நான் மயங்கினேன்.

அவளை வகுப்புக்கு முன்னால் நிறுத்திச் சொன்னேன், "இதுதான் படிச்ச புத்தகம். ஒரு கறையும் இல்லாமத் திருப்பிக் குடுத்தா நீங்க படிக்கலைன்னு அர்த்தம்."

என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த வாரமே பலன் தெரிந்தது. திரும்பி வந்த புத்தகங்கள் அத்தனையிலும் கறை. சாம்பார், ரசம், தேங்காயெண்ணெய். ஒரு மகராசன் மையைக் கொட்டிக் கொண்டுவந்திருந்தான். கறை எல்லாம் ஒரே இடத்தில், அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்புக்காரர்கள் ஆறாம் வகுப்புக்கு வைத்துக்கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பத்துக் குறள் மனப்பாடம் செய்யச் சொன்னால் பத்து நாள் இழுப்பார்கள், இதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு.

இப்படிக் கறை வைத்தவர்களில் ஒருவன்தான் சிவக்குமார். ஆறாம் வகுப்பு. தெற்குப் பக்கம், தென்னந்தோப்பும் கிணறும் உள்ள வீடு. கிணற்றில் விழுந்த யானையை ஓர் ஊரே கூடித் தூக்கப் பார்க்கிற கதைப் புத்தகம் அவன் கையில் போயிருந்தது. தமிழரசி கொள்ளுப்பருப்புச் சிந்திய அதே புத்தகம். அந்தக் கறைக்குப் பக்கத்திலேயே இவன் மஞ்சளைக் கரைத்து ஒன்று வைத்திருக்கிறான். அதை அவன் அப்பா பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை மொபெட்டில் மகனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து இறங்கினார். புத்தகத்தைச் செய்தித்தாளில் சுருட்டி இரண்டு விரலால் பிடித்திருந்தார். பெரிய சாரின் மேசையில் அதைப் பிரித்து வைத்து என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏனுங் டீச்சர், இது எந்த ஊட்டுக் கறைங்க?"

குரல் உயரவே இல்லை. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் "ங்க" கூடும், குறையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் சிவக்குமார் முந்திக்கொண்டான். "மஞ்சக் கறை என்னுதுங்க. பக்கத்துல இருக்கற பெருசு தமிழரசி ஊட்டுக் கொள்ளுப்பருப்புங்க."

அப்பா என்னை விட்டுவிட்டுப் பெரிய சாரைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களாங் சார்? பள்ளிக்கூடத்துல ஒண்ணா உக்காரட்டும், அது சர்க்காரு சட்டமுங்க. ஊட்டுக்குள்ளார வரைக்கும் எதுக்குங்க?"

பெரிய சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சை மாற்றலாம் என்று நினைத்து நான் சிவக்குமாரிடம், "புத்தகத்தப் படிச்சியா?" என்றேன்.

"இல்லீங் டீச்சர். கறை மட்டுந்தான் வெச்சேனுங்க." கொஞ்சம் யோசித்தான். "ஆனா கறை வெக்கறதுக்குப் பக்கத்தத் தொறந்தேனுங்க. அந்தப் பக்கத்தப் படிச்சுப்போட்டேனுங்க. ஆனை பாதிக் கெணறு ஏறியிருக்குதுங்க. மிச்சத்தையும் படிக்கோணுமுங்க. குடுத்தீங்கன்னாத் தேவலைங்க."

"வாடா ஊட்டுக்கு," என்றார் அப்பா. மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புத்தகம் மேசையிலேயே கிடந்தது.

பெரிய சார் மஞ்சள் பையை எடுத்தார். "இதுக்குத்தான் சொன்னேனுங் டீச்சர். இன்னைக்கே பீரோவுக்குப் பூட்டுப் போட்டர்றேன். இனி யாருக்கும் புக்குக் கெடையாதுங்க."

"சார், அவருக்குப் பிரச்சினை கறை இல்லீங்க," என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் பூட்டறேனுங்க."

தெரியாமல் பூட்டியிருந்தால் நான் அடங்கிப் போயிருப்பேனோ என்னவோ. தெரிந்தே பூட்டுகிறேன் என்று சொன்னாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. அவர் பூட்டு வாங்க அன்னூர் பஸ் ஏறினார். பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். பிறகு ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் பீரோ முன்னால் கூட்டிவிட்டேன்.

சத்தம் கூடாது என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தது என் சர்வீஸிலேயே அந்த ஒரு தடவைதான். பை வைத்திருந்தவர்கள் பையில் திணித்துக்கொண்டார்கள். பை இல்லாதவர்கள் சத்துணவுத் தட்டுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"எப்பங் டீச்சர் திருப்பித் தரோணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தரவே வேண்டாம். படிச்சு முடிச்சதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஒருத்தருக்குக் குடுத்துரு. வடக்க இருக்கறவங்க தெக்க குடுங்க, தெக்க இருக்கறவங்க வடக்க குடுங்க. பீரோவுக்கு மட்டும் கொண்டாராதீங்க."

மேசையில் கிடந்த யானைப் புத்தகத்தைத் தமிழரசி எடுத்துக்கொண்டாள். "இத நானே குடுத்துக்கறேனுங் டீச்சர்," என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் பெரிய சார் பளபளவென்று ஒரு பூட்டோடு வந்தார். டப்பாக்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்காமலே வாலிபாலை உள்ளே தள்ளி, கதவை அழுத்திச் சாத்தி, பூட்டி, இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார். "பித்தளைங்க. லேசுல ஒடைக்க முடியாது," என்றார்.

"நல்ல பூட்டுங்க சார்," என்றேன்.

குடியரசு தினத்துக்குக் கொடி எடுக்கத்தான் அந்தப் பூட்டு மறுபடி திறந்தது. என்னைக் கூப்பிட்டார். வாலிபால் அவர் காலடியில் கிடந்தது.

"புக்கெல்லாம் எங்கீங் டீச்சர்?"

"படிச்சுட்டிருக்காங்க சார்."

"எங்கீங்க?"

"ரோட்டுக்கு ரெண்டு பக்கமும்."

"திரும்பி வருமுங்களா?"

"வராதுங்க சார்."

அவர் கத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல்வியாண்டு முடிவில் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கு எனக்கு மாறுதல் வந்தது. அரசாங்கச் சொத்தை வாரி இறைத்துவிட்டேன் என்று பேசினார்கள். ஆமாம், இறைத்தேன். ஒரு தடவைகூட நான் வருத்தப்பட்டதில்லை, இனிமேலும் பட மாட்டேன்.

கடைசி நாள் பஸ் ஸ்டாப்புக்குச் சிவக்குமார் மூச்சு வாங்க ஓடிவந்தான். சட்டைக்குள்ளிருந்து யானைப் புத்தகத்தை எடுத்து என் கையில் திணித்தான்.

"கடேசிப் பக்கத்தப் பாருங் டீச்சர். மாங்காத் தொக்கு. இது நெசக் கறைங்க."

"ஆனை ஏறிருச்சா?"

"ஏறிருச்சுங்க. எங்கப்பாவும் கேட்டாருங்க, ஏறிருச்சாடான்னு."

இங்கே கதையை நிறுத்தினால், அப்பா மனம் மாறிவிட்டார் என்று நீங்கள் சந்தோஷமாகப் போய்விடுவீர்கள். அப்படிக் கதை விட மாட்டேன். யானை ஏறியதா என்று கேட்ட அதே மனிதர், ஜூன் மாதம் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டார். அந்த ஊருக்குள் வந்த முதல் வேன் அது. அடுத்த வருஷம் இரண்டு வேன். தெற்குப் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேனுக்குப் போனார்கள், வடக்குப் பக்கம் மட்டும் பள்ளியில் மிஞ்சியது. இப்போது அங்கே பீரோவுக்குப் பூட்டே கிடையாதாம், புத்தகங்களும் நிறைய வருகின்றனவாம். ரோட்டைத் தாண்டிக் கொடுப்பதற்குத்தான் எதிர்ப்பக்கம் ஒரு பிள்ளையும் இல்லை.

துடியலூர்ப் பள்ளிக்குள் நுழையும்போதே வேன்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். ஒரு வேனின் பலகையில் அந்த ஊர்ப் பேர் இருந்தது. டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊருக்குள் கோயில் வரைக்கும் போய்த் திரும்பிவிடுமாம். "ரோட்டுக்கு வடக்கால?" என்று கேட்டேன். "அங்கெல்லாம் புள்ளைங்க இல்லீங்களே," என்றார், சாதாரணமாக.

விழா முடிந்து அன்பளிப்பு கொடுக்கிற நேரம் வந்தது. மற்றவர்கள் ஜிகினாத்தாள் சுற்றிய புத்தகங்களை நீட்டினார்கள். நான் கைப்பையிலிருந்து யானைப் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைத்தேன். முதல் பக்கத்தில் பழைய பள்ளியின் முத்திரை இருக்கிறது. திருட்டுச் சொத்துதான், வேண்டுமானால் கேஸ் போடட்டும். டை கட்டிய பெண் அதை எடுத்துப் பிரித்தாள். கறையைப் பார்த்ததும் முகம் சுளித்து, ஈரத்தாளை உருவினாள்.

"தொடைக்காதே கண்ணு," என்றேன். "அது ரெண்டு ஊட்டுக் கறை. இனிமே கெடைக்காது."