காற்றுத் தள்ளுகிற தண்ணீர்

பூவரசங்குளத்தில் மோட்டர் திருத்துகிற சிவகரன் உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதியவன். மூன்று தரமும் பௌதிகவியல் கவிழ்த்துவிட்டது. ஒரு சமன்பாடு ஏன் அப்படி வருகிறது என்று பிடிபடாமல் அவனுக்குக் கை ஓடாது. யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பக்கத்து மேசைத் தர்சன் எல்லாவற்றையும் பாடமாக்கி எழுதிப் பொறியியலாளன் ஆனான்.

இருபது வருடங்களுக்குப் பிறகு அதே தர்சன் ஒரு நீர்த் திட்டத்தின் பொறுப்பாளனாக ஊருக்கு வந்தான். பொதுக்கிணற்றில் தண்ணீர் முப்பத்தைந்து அடிக்குக் கீழே போயிருந்தது. மேலே பூட்டிய மோட்டர் சும்மா இரைந்தது. பதினாறு குடும்பங்களின் கச்சான் கடலைப் பயிர் வாடி நின்றது.

"பெரிய மோட்டர் போட்டால் இழுக்கும்" என்றான் தர்சன்.

கூடப் படித்தவனை 'சேர்' என்றுதான் சிவகரன் அழைக்க வேண்டியிருந்தது. "மோட்டர் தண்ணியை இழுக்கிறேல்லை சேர். குழாய்க்குள்ள இருக்கிற காத்தை அது எடுக்க, வெளிக்காத்துத்தான் தண்ணியை மேல தள்ளுது. அந்தக் காத்துக்கு இவ்வளவு உயரம் தள்ளப் பெலன் காணாது. மோட்டரைக் கிணத்துக்குள்ள இறக்கிப் பூட்டுவம்."

"அமுக்கத்துக்குச் சமன்பாடு எனக்குத் தெரியாதோ?" தர்சன் அதை ஒப்புவித்தும் காட்டினான். பிறகு சிரித்தான். "நீ மூண்டு தரம் எழுதினனியெல்லோ?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

பெரிய மோட்டர் வந்தது. தர்சன் சொன்னபடி சிவகரனே அதை மேலே பூட்டினான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. 'பூட்டியதில் பிழை' என்று தர்சன் அறிக்கை எழுதினான். சிவகரன் இரண்டு தரம் கழற்றிப் பூட்டினான். அதற்குள் கச்சான் கருகிவிட்டது.

கடைசியில் ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத் தலைவர் பரமலிங்கம் வவுனியா நகரத்திலிருந்து வேறொருவனைக் கூட்டிவந்தார். அவன் வாயே திறக்கவில்லை. பழைய மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கிப் பூட்டினான். தண்ணீர் பாய்ந்தது.

"மூளையுள்ள ஆள்" என்றார் பரமலிங்கம். சிவகரன் அவருக்குப் பின்னால்தான் நின்றான்.

வீட்டில் மனைவி ராஜினி காய்ந்த கச்சான் செடிகளைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சொன்னதைத்தானே அவனும் செய்தவன்?"

"ஓம்."

"பிறகேன் உங்களுக்கு ஏச்சு?"

"நான் விளங்கப்படுத்தினனான்" என்றான் சிவகரன்.