ரெண்டு மானிட்டர்காரி

கம்ப்யூட்டர்ல டிராயிங் போடுற வேலையில கையை விட கழுத்துதான் அதிகம் உழைக்கும். ஒரே மானிட்டர்ல பத்து விண்டோவைத் திறந்து மூடி நொந்துபோன சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

சண்டை போட்டு வாங்கினது

தொண்ணூறுகளோட கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு வெட்டுற டை செய்யும் சின்னக் கம்பெனி. பழுதான கம்ப்யூட்டர் ஒண்ணு மூலையில கிடந்தது. அதோட மானிட்டரையும், அதுக்குப் படம் அனுப்புற கார்டையும் என் மெஷின்ல மாட்டச் சொல்லி ஒத்தைக் கால்ல நின்னேன். இடது பக்கம் கஸ்டமரோட பழைய டிராயிங், வலது பக்கம் நான் போடுற புதுசு. மாத்தி மாத்திப் பார்த்தா ஒரு துளை இடம் தவறும், டை பழைய இரும்புக்குப் போகும், திட்டு எனக்கு விழும். பக்கத்துல பக்கத்துல இருந்தா தப்பு கண்ணுல பட்டுடும்.

மேனேஜருக்கு மட்டும் அது உறுத்திக்கிட்டே இருந்தது.

"ஏம்மா, உனக்கென்ன நாலு கண்ணா?"

பூஜை முடிஞ்சு

ஆயுத பூஜைக்கு ஸ்பேனர் வரைக்கும் துடைச்சுப் பொட்டு வைப்போம். என் மானிட்டர்களை லேத்து மூர்த்தி துடைச்சான். மாலையெல்லாம் போட்டவன், இடது வலதை மாத்தி வெச்சுட்டான். லீவு முடிஞ்சு வந்து மவுஸை நகர்த்துறேன், அம்பு வலது மானிட்டரோட வலது ஓரத்துல போய், இடது மானிட்டரோட இடது ஓரத்துல முளைக்குது! ஐயோ, தலையே சுத்திடுச்சு.

"ஒண்ணு இருந்தா இந்த வம்பு உண்டா?"ன்னு மேனேஜர் வந்து நின்னார். ரெண்டு பெட்டியையும் நானே தூக்கி மாத்தி வெச்சேன். மூர்த்திக்குச் சிரிப்பு தாங்கலை.

"பூசை போட்டோம்ல, மவுஸுக்கு சாமி வந்துட்சுக்கா!"

பாய் தூக்கினது

மேனேஜருக்கு அந்தச் சாக்கு போதும். அடுத்த திங்கள்கிழமை கொரட்டூர்ல ரயிலேறி நான் வந்து சேர்றதுக்குள்ள வலது மானிட்டர் அவர் ரூமுக்குப் போயிடுச்சு. எதுலயும் மாட்டலை, சும்மா அழகுக்கு. எனக்கு வந்ததே கோபம்!

அன்னைக்குன்னு பார்த்து பூந்தமல்லியில இருந்து பாய் வந்தார். தாழ்ப்பாள் செய்யறவர். புது டைக்கு டிராயிங் பார்த்து சரி சொல்லணும். திறந்தேன். திரைக்குக் கீழ்ப் பட்டையில டிராயிங் பேர் வருது, திரையில படம் இல்லை. மானிட்டரைத்தான் எடுத்தாங்க, உள்ளே கார்டு அப்படியே இருக்கே! டிராயிங் வழக்கம்போல வலது பக்கத்துல திறந்திருக்கு, காட்டத்தான் அங்கே மானிட்டர் இல்லை. கீபோர்டுலயே தட்டி இந்தப் பக்கம் இழுக்க எனக்குத் தெரியும். தட்டுவேனா? கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்.

"படம் எங்கம்மா?"ன்னார் பாய்.

"சார் ரூம்ல, பாய்."

மேனேஜர் வாயைத் திறக்கறதுக்குள்ள பாய் உள்ளே போய், அந்தப் பெட்டியை வயித்தோட அணைச்சுத் தூக்கிட்டு வந்துட்டார். ஒயரை மாட்டினேன். தாழ்ப்பாள் பளிச்னு வந்து நின்னது. பாய் பழைய படத்தையும் புதுசையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டிட்டு, மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"பொண்ணோட கண்ணுல ஒண்ணைப் புடுங்கி ரூம்ல வெச்சு அழகு பார்க்கறியே சார், நல்லாவா கீது?"

அதுக்கப்புறம் அந்தக் கம்பெனியில மேனேஜர் நாற்காலியிலதான் ஆள் மாறினாங்க, என் ரெண்டு மானிட்டரும் இருந்த இடத்துலயே இருந்தது.